பாஸ்போ பேண்ட் வரவில்லையா? வெஸ்டர்ன் பிளாட் பிழை நீக்கம், அறிகுறி வாரியாக

செல்லுக்கு வெளியே வந்த தகவல் உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று அறிய, எர்க், ஏகேடி, பி38 போன்ற புரதங்களில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் தேடுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற தாளுக்கு மாற்றி (டிரான்ஸ்ஃபர்), வேண்டிய புரதத்தை ஆன்டிபாடியால் பேண்டாக, அதாவது கோடாகக் காட்டும் சோதனை அது. பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் காட்டுவது பாஸ்போ பேண்ட், அந்தப் புரதம் முழுவதையும் காட்டுவது டோட்டல் பேண்ட். திருச்சியிலிருந்து சிதம்பரம், நாகப்பட்டினம் வரை உள்ள ஆய்வகங்களில் இந்தச் சோதனை கெடும் விதங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கிட்டோடு வரும் கையேடு 22–25 டிகிரி அறையையும் தடையில்லாத மின்சாரத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் பக்கத்து மே மாத அறை 35 டிகிரியைத் தாண்டும். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை வரை கரன்ட் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பவுடர் எல்லாம் ஈரம் கோக்கும். கடலோரம் நெருங்க நெருங்க போர் தண்ணீர் உப்பேறும். கோளாறுகளில் பெரும்பங்கு இந்த நான்கிலிருந்தே வருகிறது. ஆன்டிபாடி சரியில்லை என்ற முடிவுக்கு வருமுன் மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். பல பத்தாயிரம் ரூபாய்க் குப்பியை மாற்றியும் அதே வெற்று மெம்பரேன் வந்தால், அந்த ஆண்டின் கன்டின்ஜென்சி பணம் போனதுதான் மிச்சம்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்

ஒவ்வொரு ஜெல்லிலும் கலர் லேடர் (எடை தெரிந்த நிறப் புரதங்களின் கலவை), பாசிட்டிவ் கன்ட்ரோல் லைசேட் (பாஸ்பேட் நிச்சயம் ஏறிய செல்களை உடைத்தெடுத்த சாறு) இரண்டும் இருக்கட்டும். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் போன்சோ எஸ் என்ற புரதச் சாயம் (5% அசெட்டிக் அமிலத்தில் 0.1%) போட்டு மெம்பரேனைப் படம் எடுத்து வையுங்கள். இவை இல்லாமல் கீழே உள்ள எந்தக் கிளையிலும் நடக்க முடியாது.

பாசிட்டிவ் கன்ட்ரோல் தயாரிப்பது எளிது. ஹீலா என்ற மனித செல்களை இரவு முழுக்க சீரம் இல்லாத மீடியத்தில் வைத்து, காலையில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஈ.ஜி.எஃப். (வளர்ச்சிக் காரணி) 5–10 நிமிடம் கொடுங்கள், பாஸ்போ-எர்க் ஏறிவிடும். பி.எம்.ஏ. என்ற தூண்டுபொருளை 200 நானோமோலார் 15 நிமிடம் கொடுத்தாலும் சரி. ஏகேடி பார்ப்பவர்கள் இன்சுலின் 100 நானோமோலார் 10–15 நிமிடம் கொடுக்கலாம். ஒரே நாளில் ஒரு பெரிய தட்டில் செய்து, சாம்பிள் பஃபரில் கொதிக்கவைத்து, 20 மைக்ரோலிட்டர் பங்குகளாக உறையவையுங்கள்.

நெல்லில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாலூட்டி எர்க்கின் டி-ஈ-ஒய் (திரியோனின், குளூட்டாமிக் அமிலம், டைரோசின்) பகுதி அதே இனத்தைச் சேர்ந்த தாவர எம்.ஏ.பி. கைனேஸ்களிலும் அப்படியே இருக்கிறது. அதனால் பாஸ்போ-எர்க் (திரியோனின் 202, டைரோசின் 204) ஆன்டிபாடியே நெல்லின் எம்.பி.கே.3, எம்.பி.கே.6 இரண்டையும் சுமார் 43, 45 கிலோடால்டனில் காட்டும். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு இலையைப் பிளேடால் கீறி 10 நிமிடம் விட்டு எடுத்தால் போதும்.

## அறிகுறி 1: போன்சோவில் ஒன்றுமே தெரியவில்லை

லேடரைப் பாருங்கள்.

லேடர் ஜெல்லிலேயே நிற்கிறது. டிரான்ஸ்ஃபர் நடக்கவில்லை. பவர் பேக் வோல்ட் காட்டினாலும் மில்லிஆம்பியரைப் பார்த்தீர்களா? சாதாரண மினி டேங்கில் 100 வோல்ட்டில் 200 முதல் 350 மில்லிஆம்பியர் ஓடும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் கேபிள், மூடியின் பின், டேங்கின் பிளாட்டினம் கம்பி என்ற வரிசையில் சோதியுங்கள். கேபிளை மல்டிமீட்டரில் பார்க்கலாம். பிளாட்டினம் கம்பி அறுந்திருந்தால் பற்றவைக்க முயல வேண்டாம். சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

லேடர் ஜெல்லிலும் இல்லை, மெம்பரேனிலும் இல்லை. சாண்ட்விச் (ஜெல்லும் மெம்பரேனும் சேர்ந்த அடுக்கு) திரும்பிவிட்டது. கேசட்டின் கறுப்புப் பக்கத்து ஃபில்டர் பேப்பரில் லேடரின் நிறம் லேசாகப் படிந்திருக்கும், அதுவே சாட்சி. கறுப்பிலிருந்து வரிசை: ஸ்பாஞ்ச், பேப்பர், ஜெல், மெம்பரேன், பேப்பர், ஸ்பாஞ்ச், பிறகு சிவப்பு.

லேடர் மெம்பரேனில் இருக்கிறது, லேன்கள் (சாம்பிள் ஓடும் பாதைகள்) மட்டும் காலி. புரதமே ஏறவில்லை. அளவீட்டுக்குத் திரும்புங்கள். செல்லை உடைக்கும் ரிப்பா பஃபரில் டிடர்ஜென்ட் இருப்பதால் பிராட்ஃபோர்டு புரத அளவீடு பொய் சொல்லும், பி.சி.ஏ. முறையைப் பயன்படுத்துங்கள். டி.டி.டி. (டைசல்பைடு இணைப்பை உடைக்கும் பொருள்) சேர்த்த சாம்பிளில் பி.சி.ஏ.வும் பொய் சொல்லும், ஆகவே சாம்பிள் பஃபர் சேர்க்கும் முன்பே அளந்துவிடுங்கள். லேனுக்கு 20–30 மைக்ரோகிராம் வேண்டும்.

திட்டுத்திட்டாக வெள்ளை. வட்டமான வெள்ளை என்றால் காற்றுக்குமிழி. சாண்ட்விச்சைப் பஃபருக்குள்ளேயே அடுக்கி, ரோலரால் ஒரே திசையில் தள்ளுங்கள். ஒழுங்கற்ற திட்டு என்றால் பி.வி.டி.எஃப். மெம்பரேன் மெத்தனாலில் முழுக்க நனையவில்லை. 30 விநாடி போதும், ஆனால் நனைத்தபின் காயவிடக் கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும்.

இனி தண்ணீர். 100 வோல்ட் போட்டவுடனே 400 மில்லிஆம்பியரைத் தாண்டி, அரைமணியில் டேங்க் கைக்குச் சூடாகத் தெரிந்தால் பஃபரில் உப்பு மிகுதி. டிரான்ஸ்ஃபர் பஃபர் என்பது டிரிஸ் 25 மில்லிமோலார், கிளைசின் 192 மில்லிமோலார், மெத்தனால் 20%, அவ்வளவுதான். பி.எச். தானாகவே 8.3 அருகில் நிற்கும். அதை எச்.சி.எல். விட்டுச் சரிசெய்கிறவர்கள் உப்பைத்தான் சேர்க்கிறார்கள். அதுவும் செய்யவில்லை என்றால் தண்ணீர் இயந்திரத்தைப் பாருங்கள். வேதாரண்யம், நாகை பக்கத்துப் போர் தண்ணீரில் கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் தீர்ந்துபோகும். திரையில் 18.2 மெகாஓம் காட்டாவிட்டால் அந்தத் தண்ணீரில் பஃபர் கலக்காதீர்கள். இன்னொரு அடையாளம்: ரன்னிங் பஃபரில் எஸ்.டி.எஸ். (புரதத்தை விரிக்கும் டிடர்ஜென்ட்) சேர்த்ததும் பால்போலக் கலங்குவது. கால்சியமோ பொட்டாசியமோ எஸ்.டி.எஸ்.ஸைப் பிடித்துத் திரித்துவிடுகிறது. கார்ட்ரிட்ஜ் மாற்றியபின்னும் மெகாஓம் ஏறாவிட்டால் உள்ளே ஆர்.ஓ. மெம்பரேன் போயிருக்கும், அது கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டிய வேலை.

டேங்கைக் குளிரவைக்க ஐஸ் மெஷின் இல்லாத இடங்களில் மீன் மார்க்கெட்டுக்குப் போகும் பார் ஐஸ் தாராளமாகப் போதும். உடைத்து, கல்லுப்பு தூவி, டேங்குக்கு வெளியே தெர்மோகோல் பெட்டியில் நிரப்புங்கள். அந்த ஐஸ் பஃபருக்குள் போகக் கூடாது, குழாய்களின் வாயிலும் படக் கூடாது.

## அறிகுறி 2: டோட்டல் பேண்ட் நன்றாக இருக்கிறது, பாஸ்போ மட்டும் இல்லை

அதிகம் பேர் தவிப்பது இங்கேதான். முதலில் பாசிட்டிவ் கன்ட்ரோல் லேன். அதில் பேண்ட் இருந்தால் ஆன்டிபாடி, பிளாக்கிங் (மெம்பரேனின் வெற்றிடங்களை மூடுவது), ஈ.சி.எல். (பேண்டை ஒளிரவைக்கும் கரைசல்) எல்லாம் சரி, பிழை உங்கள் சாம்பிளில். அதிலும் இல்லையென்றால் இந்தப் பகுதியின் கடைசிக்குத் தாவுங்கள்.

நேரம். எர்க் 5–10 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ஒற்றைச் சாம்பிளை வைத்து சமிக்ஞை இல்லை என்று எழுத முடியாது. 0, 2, 5, 10, 30, 60 நிமிடம் என்று ஒரு வரிசை ஓட்டுங்கள். செலவு ஒரு ஜெல்தான்.

அறுவடை. மீடியத்தை உறிஞ்சிய கணத்திலிருந்து, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் விழும் வரை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. செல்லுக்குள் இருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை, 35 டிகிரி அறையில் அவற்றின் கை இன்னும் ஓங்கும். தட்டு ஐஸ் மீது, கழுவும் பி.பி.எஸ். ஐஸ் குளிரில், சென்ட்ரிஃபியூஜ் முன்பே 4 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். ஆறு தட்டுகளை ஒரே ஆள் வரிசையாக எடுத்தால் ஆறாவது தட்டில் பேண்ட் மங்குவது இயல்பு. இரண்டு பேராகச் செய்யுங்கள், அல்லது நேரத்தைத் தள்ளித் தள்ளித் தொடங்குங்கள்.

இன்ஹிபிட்டர், அதாவது பாஸ்படேஸைத் தடுக்கும் பொருள். ரிப்பாவில் சோடியம் ஃபுளோரைடு 10 மில்லிமோலார், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார், சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார் இருக்க வேண்டும். முதல் இரண்டும் செரின், திரியோனின் பக்கத்தைக் காக்கும். டைரோசினைக் காப்பது வனடேட். அதைப் பவுடரிலிருந்து நேராகக் கரைத்துப் போட்டால் வேலை செய்யாது, இப்படித் தயாரிக்க வேண்டும்:

1. 200 மில்லிமோலார் கரைசலாக்கி பி.எச். 10க்குக் கொண்டுவாருங்கள். மஞ்சளாகும்.
2. நிறம் போகும் வரை கொதிக்கவையுங்கள்.
3. ஆறவைத்து பி.எச்.ஸை மீண்டும் 10க்குக் கொண்டுவாருங்கள்.
4. மஞ்சள் திரும்பாமல், நிறமற்று பி.எச். 10இல் நிலைக்கும் வரை இதையே செய்து, சிறு பங்குகளாக மைனஸ் 20இல் வையுங்கள்.

எடுக்கும்போது மஞ்சளாக இருக்கும் குழாயைக் கொட்டிவிடுங்கள். இதைவிட அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு: ஈ.டி.டி.ஏ.வும் டி.டி.டி.யும் வனடேட்டின் பிடியைத் தளர்த்திவிடும். புரோட்டியேஸைத் (புரதத்தை அறுக்கும் நொதி) தடுக்கும் காக்டெயில் மாத்திரை ஈ.டி.டி.ஏ. இல்லாத வகையா என்று டப்பாவைப் பாருங்கள்.

ஐஸை நம்ப முடியாத ஆய்வகமா? அப்படியானால் ரிப்பாவையே விட்டுவிடலாம். 2% எஸ்.டி.எஸ். உள்ள சாம்பிள் பஃபரை 95 டிகிரிக்குச் சூடாக்கி, உறிஞ்சிய தட்டின் மேல் நேராக ஊற்றிச் சுரண்டி எடுங்கள். பாஸ்படேஸ் அந்த நொடியே செத்துவிடும். டி.என்.ஏ. வெளியேறி சளிபோல இழுக்கும். 26 கேஜ் ஊசியில் பத்து முறை இழுத்துத் தள்ளுங்கள் அல்லது சோனிகேட் செய்யுங்கள். பி.சி.ஏ. வேண்டும் என்றால் டி.டி.டி.யையும் புரோமோஃபினால் புளூவையும் அளந்தபின் சேர்க்கலாம். காவிரி டெல்டா நிலைமைக்கு பாஸ்போ வேலையில் இதுவே நம்பகமான முறை என்று உறுதியாகச் சொல்லலாம்.

மின்தடை. மைனஸ் 80 ஃப்ரீசரில் இருந்த ரிப்பா லைசேட், பராமரிப்பு நாளில் யாராவது கதவைத் திறந்து மூடியதால் பாதி உருகி மீண்டும் உறைந்திருக்கலாம். அதே ஃப்ரீசரில் ஒரு கப் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். நாணயம் உள்ளே இறங்கியிருந்தால் நீங்கள் இல்லாதபோது உருகியிருக்கிறது. அந்தப் பெட்டியில் இருந்த ரிப்பா லைசேட்டில் பாஸ்போ பார்ப்பது வீண். டோட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எஸ்.டி.எஸ்.ஸில் கொதித்த சாம்பிள் இந்த உருகலை எவ்வளவோ மேலாகத் தாங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபின் டெல்டாவின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஐப்பசி பிறக்கும் முன் முக்கியமான லைசேட்டுகளின் ஒரு பங்கையாவது சாம்பிள் பஃபரில் கொதிக்கவைத்து வேறு கட்டிடத்து ஃப்ரீசரில் வையுங்கள். கம்ப்ரஸர் ஓடியும் மைனஸ் 60க்குக் கீழே இறங்கவில்லை என்றால் முதலில் ஃபில்டரைத் தூசி தட்டுங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் மெக்கானிக்தான்.

பாசிட்டிவ் கன்ட்ரோலிலும் இல்லை என்றால் பிளாக்கிங்கைப் பாருங்கள். பால் பவுடரில் இருக்கும் கேசீனே ஒரு பாஸ்போ புரதம். பாஸ்போ ஆன்டிபாடியை டிபிஎஸ்டியில் (ட்வீன் சேர்த்த டிரிஸ் உப்புக் கரைசல்) கரைத்த 5% பி.எஸ்.ஏ.வில் (மாட்டு அல்புமின்) கலக்குங்கள். அடுத்து, அதே ஆன்டிபாடிக் கரைசலை எத்தனையாவது முறை மீண்டும் பயன்படுத்துகிறீர்கள்? டோட்டல் எர்க் பலமுறை தாங்கும்; பாஸ்போ அவ்வளவு தாங்காது. புதிதாகக் கலந்து ஒருமுறை பாருங்கள். அதற்கும் வராவிட்டால்தான் புதுக் குப்பி. அதற்கு முன் பக்கத்து ஆய்வகத்தில் 2 மைக்ரோலிட்டர் கேட்டு வாங்கிச் சோதித்துவிடுங்கள்.

## அறிகுறி 3: போன்சோ நன்று, ஆனால் பாஸ்போவும் இல்லை டோட்டலும் இல்லை

இரண்டு ஆன்டிபாடி ஒரே நாளில் கெடாது. இரண்டுக்கும் பொதுவானது செகண்டரியும் (பிரைமரி எனும் முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) ஈ.சி.எல்.லும். செகண்டரிக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டரை மெம்பரேன் துண்டில் சொட்டி, ஈ.சி.எல். விட்டு இமேஜரில் வையுங்கள்.

பொட்டு ஒளிர்கிறதா? அப்படியானால் செகண்டரியின் இனம் தவறு (ராபிட் பிரைமரிக்கு ஆன்டி-மவுஸ் போட்டிருப்பது), அல்லது பிரைமரி சேரவே இல்லை. ஒளிரவில்லையா? பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா பாருங்கள்; செகண்டரியோடு ஒட்டிய எச்.ஆர்.பி. என்ற நொதியை அது முடக்கிவிடும். பிரைமரி கெடாமலிருக்கச் சேர்க்கும் அசைடு, சரியாகக் கழுவாவிட்டால் செகண்டரி வரை வந்துவிடும். அதுவும் இல்லை என்றால் ஈ.சி.எல். காலாவதி. இரண்டு பாட்டிலின் மூடிகளை மாற்றிப் போட்டிருந்தாலும் இதே கதிதான். புது ஈ.சி.எல்.லிலும் பொட்டு தெரியாமல், இருட்டில் கண்ணுக்கு மட்டும் நீல ஒளி தெரிந்தால் இமேஜரின் கேமரா கோளாறு. அதைத் திறக்காதீர்கள்.

## அறிகுறி 4: எதுவும் கொடுக்காத கன்ட்ரோல் லேனிலேயே பாஸ்போ கொழுந்துவிட்டு எரிகிறது

செல்களுக்கு நாம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறோம். சீரம் உள்ள மீடியம், மீடியத்தை மாற்றியது, தட்டைக் குலுக்கியது, இன்குபேட்டருக்கு வெளியே வைத்தது எல்லாமே எர்க்கையோ பி38ஐயோ தட்டி எழுப்பும்.

சீரம் நிறுத்தியது எத்தனை மணி நேரம்? 12–16 மணி வேண்டும். மருந்தைப் புது மீடியத்தில் கலந்து மாற்றுகிறீர்களா? அந்த மாற்றமே தூண்டுதல்தான். 10 மடங்கு செறிவில் தயாரித்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, இருக்கும் மீடியத்திலேயே மெதுவாகச் சேர்த்துவிடுங்கள். கன்ட்ரோலுக்கு அதே அளவு வெறும் கரைப்பானைச் சேருங்கள். அந்த இரவில் கரன்ட் போய் வந்ததா? கார்பன் டை ஆக்சைடு வால்வு மூடினால் மீடியத்தின் பி.எச். ஏறும், பீனால் ரெட் ஊதாப் பக்கம் சாயும். அந்த நிறத்தைக் கண்டால் அன்றைய சோதனையைத் தள்ளிப்போடுங்கள். பி38உம் ஜே.என்.கே.வும் அழுத்தத்துக்கே எழுபவை, அந்தத் தட்டில் வரும் பேண்டுக்குப் பொருள் கிடையாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வாரக்கணக்கில் அடிமட்டம் உயர்ந்தே இருந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா. மீடியம் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. ஹோக்ஸ்ட் சாயத்தில் நியூக்ளியசுக்கு வெளியே பொடிப்பொடியாக ஒளிரும், பி.சி.ஆர். இன்னும் உறுதி. பாசிட்டிவ் என்றால் அந்த செல்லைக் காப்பாற்றப் போராடாமல் அழித்துவிட்டு, புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற களஞ்சியத்திலிருந்து புதிதாக வாங்குங்கள். செல்லின் அடையாளத்திலேயே சந்தேகம் வந்தால் எஸ்.டி.ஆர். (டி.என்.ஏ. அடையாள) சோதனைக்கு அனுப்புவதும் இந்தக் கட்டத்தில்தான்.

நெல்லில் இதே அறிகுறிக்குக் காரணம் பெரும்பாலும் அறுவடைதான். இலையை வெட்டுவதே காயம். வெட்டிய இலையை ஐஸ் பெட்டியில் போட்டு வயலிலிருந்து ஆய்வகம் வருவதற்குள் எம்.பி.கே.3, 6 இரண்டும் எழுந்துவிடும். நாற்றைப் பிடுங்கினாலும் அப்படியே. தொட்டியிலேயே வளர்த்து, முந்தைய நாளிலிருந்து தொடாமல் விட்டு, வெட்டிய சில விநாடிகளில் திரவ நைட்ரஜனில் போடுங்கள். வயலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் நைட்ரஜன் கலனை வரப்புக்கே கொண்டுபோக வேண்டும். கால்நடை மருத்துவமனைகள் உறைவிந்து வைக்கும் கலன் போன்றதே போதும். அவர்களுக்கு நைட்ரஜன் நிரப்பித் தருபவரிடமே விசாரிக்கலாம். உப்பு அழுத்தச் சோதனையில், நாற்றை உப்புக் கரைசலுக்கு மாற்றும் அதே அசைவைக் கன்ட்ரோல் நாற்றுக்கும் வெறும் கரைசலில் கொடுக்க மறக்காதீர்கள்.

## அறிகுறி 5: பேண்ட் தவறான உயரத்தில் வருகிறது

கீழே பல துண்டுகள். புரதம் அறுபட்டிருக்கிறது. அறுபடுவதைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப்., தண்ணீர் பட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் செயலிழக்கும். காலையில் கலந்த பஃபரை மாலையில் எடுத்தால் அது இல்லாததற்குச் சமம். ஐசோபுரோபனாலில் 100 மில்லிமோலார் வைத்துக்கொண்டு, லைசிஸுக்குச் சற்று முன் நூறில் ஒரு பங்கு சேருங்கள்.

சரியாக இரண்டு மடங்கு. டைசல்பைடு இணைப்பு உடையவில்லை. டி.டி.டி. பழசு, ஈரக்காற்றில் திறந்து திறந்து மூடிய பாட்டில். 100 மில்லிமோலார் புதிதாகச் சேர்த்து மீண்டும் கொதிக்கவையுங்கள்.

ஜெல்லின் கிணற்றிலேயே (சாம்பிள் விடும் குழி) தங்கிவிட்டது. ஜி புரத இணைப்பு ரிசப்டர்போல சவ்வை ஏழு முறை கடக்கும் புரதங்கள் 95 டிகிரியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றைக் கொதிக்கவைக்காமல் 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள்.

கணக்கிட்டதைவிட உயரம், ஆனால் ஒரே தெளிவான பேண்ட். பதறத் தேவையில்லை. பி53இன் கணக்கு 44 கிலோடால்டன், ஓடுவது 53இல். ஈ.ஜி.எஃப். ரிசப்டரின் புரதச் சங்கிலி சுமார் 134, ஓடுவது 170 அருகில். இந்த ரிசப்டரில் சர்க்கரைச் சங்கிலிகள்தான் வித்தியாசம். அவற்றை வெட்டும் பி.என்.ஜி.ஏஸ் எஃப் போட்டால் பேண்ட் இறங்கும். ஏற்றம் பாஸ்பேட்டாலா என்று அறிய, லைசேட்டின் ஒரு பங்கை லாம்டா பாஸ்படேஸில் மாங்கனீசுடன் 30 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். இந்த ஒரு பங்கை மட்டும் பாஸ்படேஸ் இன்ஹிபிட்டர், ஈ.டி.டி.ஏ. இரண்டும் இல்லாமல் எடுத்திருக்க வேண்டும். பாஸ்போ பேண்ட் மறைந்தால் ஆன்டிபாடி உண்மை சொல்கிறது.

42இல் ஒரு குழப்பம். எர்க் 42, 44 கிலோடால்டன், பீட்டா-ஆக்டினும் 42. ஒரே மெம்பரேனில் எர்க் பார்த்துவிட்டு ஸ்ட்ரிப் செய்து (ஆன்டிபாடியைக் கழற்றி) ஆக்டின் போட்டால், எது எதன் மிச்சம் என்று பிரிக்க முடியாது. வின்குலின் அல்லது டியூபுலின் போடுங்கள். நெல் இலையில் டியூபுலினும் சங்கடம்தான், ஒளிச்சேர்க்கைப் புரதமான ருபிஸ்கோவின் பெரிய துணைக்கூறு 55இல் குன்றுபோல நிற்கும். அங்கே போன்சோ படமே லோடிங் கன்ட்ரோல் (எல்லா லேனிலும் சம அளவு புரதம் என்பதற்குச் சான்று).

வெஸ்டர்னில் வேலை செய்யும் ஆன்டிபாடி ஐ.பி.யில் (புரதத்தை ஆன்டிபாடியால் கரைசலிலிருந்து பிடித்தெடுக்கும் முறை) புரதத்தைப் பிடிக்காமல் போவதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஐ.பி.யில் புரதம் மடிந்த நிலையில் இருக்கிறது. ஆன்டிபாடி பிடிக்கும் பகுதி உள்ளே புதைந்திருக்கலாம். புரத வடிவத்தைக் கணித்துக் காட்டும் ஆல்ஃபாஃபோல்டு தளத்தில் உங்கள் புரதத்தின் மாதிரியை எடுத்து, அந்தத் துண்டு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். செலவில்லை, பத்து நிமிட வேலை. புதைந்திருந்தால் வேறு பகுதிக்கான ஆன்டிபாடி தேவை. பேண்ட் 50க்கும் 25க்கும் அருகில் மட்டும் வந்தால் அது ஐ.பி.க்குப் போட்ட ஆன்டிபாடியின் சங்கிலிகள்.

## அறிகுறி 6: மெம்பரேன் முழுக்கக் கறுப்பு, அல்லது புள்ளி புள்ளியாக

செகண்டரியைக் குறையுங்கள்: 1:5000 என்றால் 1:20000. டிபிஎஸ்டியில் ட்வீன் 0.1% இருக்கிறதா? கழுவல் 10 நிமிடம் வீதம் மூன்று முறை. புள்ளிகள் என்றால் கரையாத பால் பவுடர் அல்லது பி.எஸ்.ஏ.; பேப்பரில் வடிகட்டுங்கள். கோடையில் அறை வெப்பத்தில் பால் பிளாக்கிங்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள், இரவு முழுக்க வைப்பதென்றால் 4 டிகிரியில்தான். புளித்த வாடை வந்தால் மெம்பரேனையும் மறந்துவிடலாம்.

பேண்ட் நடுவில் வெள்ளையாகவும் ஓரம் கறுப்பாகவும் இருந்தால் அது எதிர்ப் பிழை: எச்.ஆர்.பி. அளவுக்கு மீறி இருந்து ஈ.சி.எல்.லை அந்த இடத்தில் தின்று தீர்த்துவிட்டது. புரதத்தையும் செகண்டரியையும் குறையுங்கள்.

## அறிகுறி 7: ஜெல் உறையவில்லை, பேண்ட் வளைகிறது

ஜெல்லை உறையவைக்கும் ஏ.பி.எஸ். பவுடரில் தண்ணீர் விடும்போது மெல்லிய வெடிச்சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஈரம் கோத்து வீரியம் போன பவுடர். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வைத்து, 10% கரைசலை அன்றன்று தயாரியுங்கள். மே மாதத்தில் இதற்கு நேர்மாறு, ஊற்றி முடிக்கும் முன்பே உறையும். உறைதலை விரைவாக்கும் டெமெடைப் பாதியாக்குங்கள். 20–30 நிமிடத்தில் உறைவதே சரியான வேகம்.

டிரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 0.03 இறங்கும். ஏ.சி. அறையில் 22 டிகிரியில் 8.8 வைத்தது 36 டிகிரி அறையில் 8.4க்கு வந்து நிற்கும். பேண்டுகள் அகன்று மங்கும். எந்த அறையில் ஓட்டுகிறீர்களோ அங்கேயே பி.எச். வையுங்கள். பேண்டுகள் நடுவில் முந்தி ஓரத்தில் பின்தங்கினால் சூடு. மேல் அடுக்கான ஸ்டாக்கிங் ஜெல்லில் 80, பிறகு 100 வோல்ட்டுக்கு மேல் போகாமல், டேங்கைச் சுற்றி ஐஸ் வைத்து ஓட்டுங்கள். செங்குத்துக் கோடாக இழுத்தால் டி.என்.ஏ. அல்லது கரையாத துகள். 12,000 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் ஏற்றுங்கள்.

## வெளியே அனுப்ப வேண்டிய கட்டம்

பாசிட்டிவ் கன்ட்ரோல் நன்றாக வந்து, லாம்டா பாஸ்படேஸ் சோதனையும் சரியாகி, உங்கள் புரதத்தின் எந்த இடத்தில் பாஸ்பேட் ஏறுகிறது என்பதே கேள்வியாக நின்றால் இனி ஆன்டிபாடிகளில் பணம் போடாதீர்கள். மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புங்கள். பெங்களூரு சி-கேம்ப் ஆய்வு மையம் கட்டண அடிப்படையில் செய்து தருகிறது. பக்கத்தில் எந்த நிறுவனத்தில் கருவி இருக்கிறது என்று ஆய்வுக் கருவிகளுக்கான ஐ-ஸ்டெம் தளத்தில் தேடிப் பதிவு செய்யலாம்.

அனுப்பும் ஜெல்லைத் தனியாக ஓட்டுங்கள். கூமாசி சாயம் மட்டும். குளூட்டரால்டிஹைடு சேர்த்த சில்வர் சாயம் போட்டால் பெப்டைடு வெளியே வராது. முழுநேரமும் கையுறை, தலையுறை, புதுப் பிளேடு. இல்லாவிட்டால் அறிக்கையில் முதலில் வருவது உங்கள் தோலின் கெரட்டின். பேண்டை ஒட்ட வெட்டி, 1.5 மில்லி குழாயில் 1% அசெட்டிக் அமிலத்தில் மூழ்கவைத்து, கூடவே பேண்ட் இல்லாத இடத்திலிருந்து ஒரு வெற்றுத் துண்டையும் வைத்து அனுப்புங்கள். குழாயின் மேல் லேன் எண், புரதம், எதிர்பார்க்கும் எடை மூன்றையும் பென்சிலால் எழுதி டேப் ஒட்டுங்கள். கூரியர் வழியில் ஐஸ் உருகி வழிந்தால் மார்க்கர் மை அழிந்துவிடும்.